ஓர் ஆந்தை, ஓர் ஈ

இரண்டு உயிர்களை ஒப்பிட்டுப் பார்க்க விரும்புகிறேன். ஒன்று, இப்போது இல்லாத ஓர் ஆந்தை. மற்றது, இல்லாத இடமே இல்லை என்று சொல்லத்தக்க ஈ. ஆந்தை நியூஸிலாந்தைச் சேர்ந்தது. வெள்ளைக்காரர்கள் அதற்குச் 'சிரிக்கும் ஆந்தை' என்று பெயர் வைத்தார்கள். அந்த மண்ணின் மாவோரி மக்கள் அதை ஃபேகாவ் என்றார்கள். அதன் கடைசி உடல் கிடைத்த தேதிகூடப் பதிவாகியிருக்கிறது: 1914 ஜூலை 5, தெற்குத் தீவில், கான்டர்பரிப் பகுதியைச் சேர்ந்த புளூகிளிஃப்ஸ் என்னும் இடம். ஈ என்று நான் குறிப்பிடுவது சாதாரண வீட்டு ஈயை. அதற்கு இப்படிப்பட்ட பதிவு ஏதும் இல்லை. இந்த வாக்கியத்தைப் படிக்கிறவர் பக்கத்திலேயே ஒன்று உட்கார்ந்திருக்கக்கூடும்.

சிறு பத்திரிகை வாசகர் இந்த ஒப்பீடு எங்கே போய் முடியும் என்று இதற்குள் ஊகித்திருப்பார். ஆந்தை நாம், ஈ அவர்கள். முந்நூறு பிரதி அச்சாகிற நம் பத்திரிகை இருட்டிலும் கண்விழித்திருக்கும் பறவை. லட்சக்கணக்கில் விற்றவை எல்லாம் தின்பண்டத்தில் மொய்க்கிற ஈக்கள். பல வருஷங்களாக இந்த உருவகத்தை ஏதாவது ஒரு வேஷத்தில் நாம் எழுதிக்கொண்டுதான் வருகிறோம். எழுதுகிறவனுக்கும் படிக்கிறவனுக்கும் ஒரே சமயத்தில் சுகம் தருகிற உருவகம் அது. சுகம் தருகிறது என்ற ஒரு காரணமே அதைச் சந்தேகிக்கப் போதும். இந்த இரண்டு பிராணிகளின் நிஜமான சரித்திரமும் அந்த உருவகத்துக்கு இடம் கொடுப்பதில்லை என்பதுதான் நான் சொல்ல வந்தது.

முதலில் ஆந்தை. ஐரோப்பியக் குடியேற்றம் மும்முரமாகத் தொடங்கிய 1840 வாக்கில் அது அரிய பறவையாக இல்லை. 1844இல் ஜி.ஆர். கிரே என்ற ஆங்கிலேயப் பறவையியலாளர் அதற்கு லத்தீன் பெயர் கொடுத்தார். வெண்முகம் உடையது என்று பொருள்படும் 'அல்பிஃபேஸியெஸ்'. அவர் அதை முதலில் சேர்த்தது 'அதீனே' என்ற பேரினத்தில். அது கிரேக்கர்களின் ஞானதேவதையின் பெயர். அவர்களுக்கு ஆந்தை என்றால் ஞானம், நமக்கு ஆந்தை என்றால் சாவுச் செய்தி. ஆந்தைக்கு இரண்டும் தெரியாது. ஒன்றேகால் அடி நீளம், அறுநூறு கிராம் எடை. பாறை இடுக்குகளில் குடியிருந்து, உலர்ந்த புல்லின்மேல் வெள்ளை முட்டைகளை இட்டது. தரையில் நடந்தும் இரை தேடியது. பெண் அடைகாக்க, ஆண் இரை கொண்டுவந்து கொடுத்தது. இதற்குமேல் அதன் வாழ்க்கையில் விசேஷம் என்று சொல்ல அதிகம் இல்லை.

விசேஷம் அதன் குரலில் இருந்தது. இன்று அதன் ஒலிப்பதிவு ஏதும் கிடையாது. கேட்டவர்கள் எழுதிவைத்த குறிப்புகள் மட்டும் இருக்கின்றன. ஒருவர் காதுக்கு அது துயரம் நிறைந்த கிறீச்சொலிகளின் தொடர். வேறொருவர் காதுக்கு நாய்க்குட்டி குரைப்பது. இன்னொருவர் காதுக்கு, தூரத்தில் நிற்கிற இரண்டு ஆட்கள் ஒருவரை ஒருவர் கூவி அழைப்பது. கூண்டில் வைத்து வளர்த்தவர்கள் சீட்டியடிப்பதையும் பூனைபோல முனகுவதையும் கேட்டிருக்கிறார்கள். மழைக்கு முன்பும், தூறல் விழுகிற இருட்டு இரவுகளிலும் அதிகமாகக் கேட்டது என்கிறார்கள். அக்கார்டியன் வாசித்தால் சத்தமில்லாமல் பறந்துவந்து எதிரே உட்கார்ந்து, வாசிப்பு முடியும்வரை இருந்தது என்றும் ஒரு குறிப்பு உண்டு.

விமர்சகனுக்கு இது பழகிய நிலைமை. மூலம் தொலைந்துவிட்டது, உரைகள் எஞ்சி நிற்கின்றன. உரைகாரர்களில் யார் சொல்வது சரி என்று தீர்மானிக்க வழியில்லை. எல்லோருமே சரியாகவும் இருக்கலாம். ஒரு பறவைக்கு ஒரு குரல்தான் இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. ஆனால் பெயர் வைத்தவர்கள் ஓர் உரையை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். சிரிப்பு என்றார்கள். பறவை போய்விட்டது, அந்த ஓர் உரை பெயராக நிலைத்துவிட்டது. நம்மிடம் இதற்கு நேர்மாறான உதாரணம் இருக்கிறது. புறநானூற்றின் 364ஆம் பாட்டைப் பாடியவரைக் கூகைக்கோழியார் என்கிறோம். பாட்டில் கூகைக் கோழி என்று வருவதால் அந்தப் பெயர். இங்கே பறவை இருக்கிறது, கவிஞனின் சொந்தப் பெயர் போய்விட்டது. எது எஞ்சும் என்பதை எஞ்சப்போகிறது தீர்மானிப்பதில்லை.

இந்த ஆந்தை விட்டுச்சென்ற இன்னொரு ஆவணம் உண்டு. அது குறிப்புகளைவிட நம்பகமானது. ஆந்தைகள் இரையை விழுங்கி, செரிக்காத எலும்பையும் ரோமத்தையும் இறகையும் உருண்டையாகத் திரட்டிக் கக்கிவிடும். சிரிக்கும் ஆந்தை தலைமுறை தலைமுறையாகச் சில பாறைப் பொந்துகளிலேயே தங்கியிருந்து கக்கியது. உருண்டைகள் மக்கி, எலும்புகள் மட்டும் அடுக்கடுக்காகப் படிந்தன. மனிதக் கால் படுவதற்கு முன் நியூஸிலாந்தில் இருந்த சிற்றுயிர்களை, அதாவது பல்லிகளை, தவளைகளை, வௌவால்களை, சிறு பறவைகளைப் பற்றி இன்று தெரிந்திருப்பதில் கணிசமான பகுதி இந்தப் படிவுகளிலிருந்து கிடைத்தது. ஆந்தை தன்னைப் பற்றி எதுவும் எழுதிவைக்கவில்லை. தின்றதைப் பற்றிய கணக்கை மட்டும் பிசகில்லாமல் வைத்திருந்தது. பேரேடு எழுதிப் பழகிய வம்சத்தில் வந்தவன் என்ற முறையில் இது எனக்குப் பிடித்திருக்கிறது.

அந்தக் கணக்கில் மேல் அடுக்குகளில் ஒரு புதுப் பெயர் வருகிறது. எலி. 13ஆம் நூற்றாண்டு வாக்கில் பாலினீசியர்களின் ஓடங்களில் வந்து இறங்கிய சிறு எலி. அது உள்ளூர் உயிர்கள் பலவற்றைத் தின்று தீர்த்தது. ஆந்தை என்ன செய்தது? எலியைத் தின்னப் பழகிக்கொண்டது. வந்தேறியை நம்பி அறுநூறு வருஷங்கள் வாழ்ந்தது. அசலான இரை அருகிவிட்டது என்று பட்டினி கிடக்கவில்லை. தன் தூய்மையைக் காப்பாற்றிக்கொண்டு மடிந்த பறவை என்று யாராவது இதைப் பாட வருவார்களானால், பாறைப் பொந்தின் மேல் அடுக்கை அவர்களுக்குக் காட்ட வேண்டும்.

அதன் முடிவு வேறு வழியில் வந்தது. குடியேறிகள் முயலைக் கொண்டுவந்தார்கள். முயல் பெருகிப் புல்லைத் தின்றது. முயலை ஒழிக்க 1880களில் ஸ்டோட் என்ற, கீரியின் உருவத்தை ஒத்த, சிறு வேட்டை விலங்கைக் கொண்டுவந்தார்கள். பறவைகளை அறிந்தவர்கள் வேண்டாம் என்று அப்போதே சொன்னார்கள். பூனைகள் முன்பே வந்திருந்தன. பாறை இடுக்குகளில் அடைகாத்து, தரையில் நடந்து இரை தேடிய பறவைக்கு இதற்குமேல் காரணம் தேவையில்லை.

ஆனால் கதையில் இன்னொரு பகுதி உண்டு. பறவை அருகிக்கொண்டிருந்த அதே வருஷங்களில்தான் அதன்மேல் பிரியமும் வளர்ந்தது. பிரியம் எடுத்துக்கொண்ட வடிவம் சேகரிப்பு. இன்று உலகத்து மியூஸியங்களில் ஐம்பதுக்கு மேற்பட்ட உடல்களும், சில முட்டைகளும் இருக்கின்றன. அந்த நாட்டுப் பறவைகளைப் பற்றி 1873இல் பெரிய நூலை எழுதிய வால்ட்டர் புல்லரே பறவை உடல்களைச் சேகரித்தும் விற்றும் வந்தவர். இந்தப் பறவைகள் அழியத்தான் போகின்றன, அதற்குள் பெட்டிக்குள் வைத்துவிடலாம் என்பது அந்தக் காலத்துத் தர்க்கம். அபூர்வமாக ஆக விலை ஏறுகிறது. விலை ஏற ஏற மேலும் அபூர்வமாகிறது. இதைப் பேராசை என்று மட்டும் சொன்னால் போதாது. அவர்களில் பலர் உண்மையிலேயே உருகியவர்கள். உருக்கமும் சுருக்குக் கயிறும் ஒரே கையில் இருந்திருக்கின்றன.

அபூர்வம் என்ற பட்டத்தை இன்றைய விஞ்ஞானம் இன்னும் கொஞ்சம் குறைத்துவிட்டது. நெடுங்காலமாக இந்த ஆந்தைக்கென்று தனிப் பேரினம் இருந்தது. அதற்கு நெருங்கிய உறவு இல்லை என்று கருதினார்கள். 2010களில் பழைய உடல்களிலிருந்து எடுத்த டி.என்.ஏ.யைப் பரிசோதித்து, நினாக்ஸ் என்ற பெரிய குடும்பத்தில் சேர்த்துவிட்டார்கள். நம் ஊர்த் தோப்புகளில் இரவில் இரண்டிரண்டாகக் குரல் கொடுக்கிற பழுப்பு வேட்டை ஆந்தையும் நினாக்ஸ்தான். ஆக, நாம் இரங்கற்பா பாடுகிற பறவையின் பங்காளி ஒன்று நம் கொல்லையில் உயிரோடு இருக்கிறது. அதைக் கேட்டால் கதவைச் சாத்திக்கொள்கிறோம்.

இனி ஈ. நியூஸிலாந்துக்கு வீட்டு ஈயும் கப்பலில்தான் போயிற்று. அது வேண்டாத விருந்தாளி என்று நினைப்போம். 19ஆம் நூற்றாண்டின் இயற்கை நூல்களில் வரும் ஒரு தகவல் வேறு விதமாகச் சொல்கிறது. அங்கே இருந்த நீல ஈ இறைச்சியிலும் கம்பளியிலும் முட்டையிட்டு நாசம் பண்ணியது. வீட்டு ஈ போன இடங்களில் நீல ஈ குறைவதைக் கண்ட குடியேறிகள், வீட்டு ஈக்களைப் புட்டிகளிலும் பெட்டிகளிலும் பிடித்து அடைத்து, உள்நாட்டுப் பண்ணைகளுக்கு எடுத்துச் சென்றார்களாம். ஈயைப் பத்திரமாகப் புட்டியில் வைத்துக் குதிரைமேல் கொண்டுபோகிற ஒரு மனிதனை நினைத்துப் பாருங்கள். அவன் தேசத்தில் அந்தக் கணத்தில் ஆந்தை இருந்தது, யாரும் அதைப் பத்திரப்படுத்தவில்லை. எது மலிவு, எது அருமை என்பது பொருளில் இல்லை, தேவையில் இருக்கிறது.

இந்த ஈ, எலி விவகாரத்துக்கு மனிதர்கள் தொடர்பான ஒரு வாலும் உண்டு. மாவோரிகள் தங்கள் வருங்காலத்தை, ஐரோப்பிய எலியால் அநேகமாக ஒழிக்கப்பட்ட தங்கள் நாட்டு எலியின் கதியோடு ஒப்பிட்டுப் பேசியதாக டார்வின் 1871இல் எழுதினார். ஆளவந்தவர்களுக்கு அது வசதியான ஒப்பீடு. செத்துக்கொண்டிருக்கிற இனம், நம் கடமை அது நிம்மதியாகச் சாக உதவுவது என்று அவர்களில் நல்லவர்கள் பேசினார்கள். 1896 கணக்கெடுப்பில் மாவோரிகள் சுமார் 42,000 பேர். 2023 கணக்கெடுப்பில் அந்த நாட்டு ஜனத்தொகையில் ஆறில் ஒருவருக்கு மேல் மாவோரி. நிலம் போன மக்கள் நிலத்தைக் கேட்டுக்கொண்டிருந்தபோது, கேட்டவர்கள் காதில் அது மரண முனகலாக விழுந்தது. இரங்கற்பா பாடுவதில் உள்ள ஆபத்து இதுதான். பாடுகிறவன் பாட்டில் லயித்துவிடுகிறான். எதிரே படுத்திருப்பவர் எழுந்து உட்கார்ந்து கணக்குக் கேட்டாலும் கவனிப்பதில்லை.

ஈக்கு இரங்கற்பா கிடையாது. லின்னேயஸ் 1758இல் அதற்கு வைத்த பெயரிலேயே வீடு இருக்கிறது: 'மஸ்கா டொமஸ்டிகா'. மனிதன் போன இடமெல்லாம் போய், அவன் கழித்ததில் முட்டையிட்டு வாழ்கிறது. நமக்கு இத்தனை பக்கத்தில் இத்தனை காலம் இருந்த ஒன்றை நாம் எந்த அளவு பார்த்திருக்கிறோம்? அதற்கு இரண்டு சிறகுதான். பின்சிறகு இருக்க வேண்டிய இடத்தில் குண்டூசி போன்ற இரண்டு தண்டுகள் இருக்கின்றன. பறக்கும்போது அவை அதிர்ந்து, உடம்பு எந்தப் பக்கம் திரும்புகிறது என்று உணர்த்துகின்றன. அது காலால் ருசி பார்க்கிறது. காலோடு கால் தேய்ப்பது, ருசியறியும் மயிர்களைச் சுத்தம் செய்துகொள்ள. நமக்கு ஒரே சீராக எரிகிற பழைய ட்யூப்லைட் அதன் கண்ணுக்கு விட்டுவிட்டு எரிகிறது. பல் கிடையாது, எச்சிலை விட்டுக் கரைத்து ஒற்றி உறிஞ்ச வேண்டும். முன்பு குடித்ததைக் கக்கவும் செய்யும். ஆந்தையும் கக்கியது, ஈயும் கக்குகிறது. ஒன்றின் வாந்தி சரித்திரம், மற்றதன் வாந்தி வயிற்றுக்கடுப்பு.

கோடைக்காலத்தில் முட்டையிட்ட பத்து நாளுக்குள் ஈ பறக்கத் தொடங்கிவிடுகிறது. பிறகு இரண்டு மூன்று வாரம் இருந்தால் அதிகம். ஈ அழியாது என்று சொல்லும்போது நாம் 'ஈ' என்ற சொல்லைத்தான் குறிப்பிடுகிறோம். காலையில் என் டம்ளர் விளிம்பில் உட்கார்ந்த ஈ அடுத்த மாதம் இருக்காது. மலிவானது என்பது ஒரே ஜீவன் நிரந்தரமாக இருப்பதில்லை. எண்ணற்ற சின்ன ஆயுள்களை நாம் ஒரே பெயரில் வரவு வைத்துக்கொள்வது.

நம் பாஷையில் ஈயின் அந்தஸ்து தெரிந்ததே. வியாபாரம் படுத்துவிட்டால் கடைக்காரன் ஈ ஓட்டுகிறான். என் தொழிலுக்கென்றே ஒரு சொற்றொடர் இருக்கிறது: ஈயடிச்சான் காப்பி. கணக்கைப் பிரதி எடுத்த குமாஸ்தா, மூலத்தில் ஓர் ஈ நசுங்கி ஒட்டியிருப்பதைப் பார்த்து, இன்னோர் ஈயைத் தேடிப் பிடித்து அடித்துத் தன் பிரதியிலும் அதே இடத்தில் ஒட்டிவைத்தானாம். புத்தியில்லாத நகலெடுப்புக்கு உதாரணமாகச் சொல்கிறோம். அந்தக் கதையில் சிரிக்கப்படுவது குமாஸ்தா. இரண்டாவதாகச் செத்த ஈயைப் பற்றி யாரும் கேட்டதில்லை.

கேட்டவர் ஒருவர் உண்டு. அவரும் நியூஸிலாந்துக்காரர் என்பதால்தான் இந்தக் கட்டுரையே. காதரின் மேன்ஸ்ஃபீல்ட் 1888இல் வெலிங்டனில் பிறந்தார். அவர் தந்தை அந்த நாட்டின் பெரிய வங்கி ஒன்றின் தலைவராக இருந்தவர். 1908இல் நாட்டைவிட்டுப் போனவர் திரும்பவில்லை. 1914இல் அவர் ஊரின் ஆந்தை முடிந்துபோனது அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. அடுத்த மாதம் மகாயுத்தம் தொடங்கிற்று; 1915இல் அவர் தம்பி பெல்ஜியத்தில் இறந்தான். 1922இல், தன் சாவுக்கு ஒரு வருஷம்கூட இல்லாத நேரத்தில், அவர் எழுதிய கதையின் பெயர் 'ஈ'. பி.ஏ. வகுப்பில் எனக்கு அது பாடம். மனிதனின் கொடூரம் என்று ஒரு தலைப்பின்கீழ் நான்கு பாயிண்ட் எழுதி மார்க் வாங்குகிற பாடம்.

கதை ஓர் ஆபீஸில் நடக்கிறது. முதலாளியின் மகன் யுத்தத்தில் செத்து ஆறு வருஷமாகிறது. மகனின் கல்லறையைப் பற்றி வந்தவர் பேச்சுவாக்கில் சொல்லிவிட்டுப் போனபின், முதலாளி அழுவதற்காகத் தனியே உட்காருகிறார். அழுகை வரவில்லை. அப்போது மைக்கூட்டில் ஓர் ஈ விழுந்து தத்தளிக்கிறது. பேனாவால் தூக்கி மை ஒற்றும் தாளில் விடுகிறார். ஈ பொறுமையாகத் தன்னைத் துடைத்துச் சிறகை உலர்த்திக்கொள்கிறது. அதன் தைரியத்தை முதலாளி மெச்சுகிறார். மெச்சிக்கொண்டே ஒரு சொட்டு மையை அதன்மேல் விடுகிறார். மறுபடி அது துடைத்துக்கொள்கிறது. மறுபடி ஒரு சொட்டு. வாயால் ஊதி உலர்த்தவும் உதவுகிறார். மூன்றாவது சொட்டில் அது செத்துப்போகிறது. புதிய ஒற்றுத்தாள் கொண்டுவரச் சொல்கிறார். இதற்கு முன் எதைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்தோம் என்பது அவருக்கு ஞாபகம் வரவில்லை.

இந்த ஈ எதன் குறியீடு என்று ஆங்கில விமர்சகர்கள் வெகு காலம் சண்டை போட்டிருக்கிறார்கள். மகன் என்றார்கள், முதலாளியே என்றார்கள், காசநோயோடு போராடிய மேன்ஸ்ஃபீல்ட் என்றார்கள். கதையின் பலம், அது குறியீடாவதற்கு முன்பே ஈயாக இருப்பதில் இருக்கிறது. எந்தக் கால் முதலில் அசைகிறது, எந்தச் சிறகை எப்படித் துடைக்கிறது என்று உடனிருந்து பார்த்து எழுதியிருக்கிறார். இன்னொன்றும் இருக்கிறது. முதலாளியும் ஈயை உன்னிப்பாகத்தான் பார்க்கிறார். பார்வையில் குறைவில்லை, மெச்சுவதில் குறைவில்லை. அவருக்கு ஈ தேவைப்படுகிறது. தன்னால் அழ முடியாத அழுகைக்குப் பதிலாக ஒரு போராட்டம் கண்ணெதிரே நடக்க வேண்டியிருக்கிறது. ஆந்தையைச் சேகரித்தவர்களின் பிரியத்துக்கும் இந்த மெச்சுதலுக்கும் வித்தியாசம் அதிகம் இல்லை. ஆசிரியையின் பார்வை எங்கே வேறுபடுகிறதென்றால், அது ஈயிடமிருந்து எதையும் கேட்கவில்லை.

இதையெல்லாம் நான் யோசிக்கும்படி செய்தது ஓர் இரங்கல் கூட்டம். இறந்தவர் என் நண்பர், வேறொரு கிளையில் காசாளர். இருபத்தொரு வருஷம் பணம் வாங்கிப் பணம் கொடுத்தவர். நாற்பத்துமூன்று கவிதைகள் அடங்கிய ஒரே ஒரு தொகுப்பு. முந்நூறு பிரதி. அது வெளிவந்தபோது வந்த ஒரே மதிப்புரை நான்கு வரி. அதில் ஒரு வரி அட்டையைப் பற்றியது. கூட்டத்தில் பேசியவர்கள் ஒன்பது பேர். ஒருவர் அவரை 'அபூர்வப் பறவை' என்றார். அதற்குப் பின் பேசிய எல்லோரும் அந்தப் பறவையை ஒரு தடவையாவது பறக்கவிட்டார்கள். இனி இப்படி ஒருவர் வரப்போவதில்லை என்றார் கடைசியாகப் பேசியவர். கவிதைகளின் தலைப்பு ஒன்றைக்கூட யாரும் சொல்லவில்லை.

அவர் கவிதைகளில் பறவையே கிடையாது. வரிசையில் நிற்கிறவர்கள்தான் உண்டு. ஒரு கவிதை நவம்பர் மாதத்தைப் பற்றியது. ஓய்வூதியம் வாங்குகிறவர்கள் வருஷா வருஷம் நவம்பரில் தாங்கள் உயிரோடு இருப்பதாகச் சான்று கொடுக்க வேண்டும். ஒரு கிழவி வருகிறாள். பாத்திரம் தேய்த்துத் தேய்த்து அவள் விரல் ரேகை அழிந்துபோயிருக்கிறது. இயந்திரத்துக்கு அவளைத் தெரியவில்லை. அவள் சேலையில் விரலைத் துடைத்துத் துடைத்து மறுபடி வைக்கிறாள். எதிரே உட்கார்ந்திருக்கிறவன் பார்த்துக்கொண்டிருக்கிறான். கவிதையில் நடப்பது அவ்வளவுதான். அனுதாபம் என்று அடையாளம் காட்டக்கூடிய சொல் ஒன்றுகூட அதில் கிடையாது. ஒரே நவம்பரில் நூறு கிழவிகளைப் பார்க்கிற ஒருவரால்தான் இந்த ஒரு கிழவியின் விரலைப் பார்க்க முடிந்திருக்கிறது. மலிந்து கிடப்பதன் நடுவே அவர் கண் மழுங்கிவிடவில்லை. இப்படிப்பட்டவரை அபூர்வப் பறவை என்று சொல்வது அவரைத் தூக்கிக் கண்ணாடிப் பெட்டியில் வைப்பது. வைத்தபின் படிக்க வேண்டிய சிரமம் இல்லை.

ஒரு பத்திரிகையிலிருந்து நினைவுக் கட்டுரை கேட்டார்கள். மதிப்புரை தருகிறேன் என்றேன். சம்மதித்தார்கள். நாற்பத்துமூன்றில் பதினொன்று நிற்கும் என்று எழுதினேன். மற்றவற்றில் பல, அந்த வருஷங்களில் எல்லோரிடமும் தொற்றியிருந்த படிமப் பழக்கத்தால் கெட்டவை என்றும் எழுதினேன். காரணங்களைக் காட்டினேன். செத்தவர்மேல் கத்தி வைப்பதா என்று இரண்டு கடிதங்கள் வந்தன. எனக்கு அதில் வருத்தமில்லை. இறந்தவருக்குச் சலுகை காட்டும்போது, அவர் இனி இலக்கியத்தில் இல்லை, ஞாபகத்தில் மட்டும் இருக்கிறார் என்று தீர்ப்புச் சொல்லிவிடுகிறோம். உயிரோடிருப்பவனோடுதான் தகராறு செய்ய முடியும். ஒரு கவிதையோடு தகராறு செய்கிறவரைக்கும் அது உயிரோடு இருக்கிறது.

நம் பத்திரிகைகளுக்கும் இது பொருந்தும். முந்நூறு பிரதி என்பது ஒரு நிலைமை. அதைத் தகுதியாக மாற்றிச் சொல்லிக்கொள்ள வேண்டியதில்லை. பெருவாரியாக விற்பதும் அதனாலேயே குற்றமாகிவிடாது. அருகிப்போனதால் ஆந்தை உயர்ந்த பறவையாகிவிடவில்லை. மலிந்திருப்பதால் ஈயின் சிறகு தாழ்ந்த வேலைப்பாடாகிவிடவில்லை. எண்ணிக்கையைப் பார்த்து மதிப்புச் சொல்வது என் ஆபீஸ் வேலை. பத்து மணிக்குத் தொடங்கி மாலையில் முடிகிறது. விமர்சனத்துக்கு அந்தப் பழக்கம் உதவாது. சிறு பத்திரிகைகள் தங்கள் சாவை அடிக்கடி தாங்களே அறிவித்துக்கொண்டு, தங்களுக்குத் தாங்களே சிறப்பிதழ் போட்டுக்கொள்கிற மனநிலையிலிருந்து வெளியே வருவது நல்லது. அந்தப் பக்கங்களில் இந்த மாதம் வெளியான ஒரு புத்தகத்தைப் பற்றி எழுதலாம்.

மதிப்புரை வெளியான பிறகு நண்பரின் மனைவி தொலைபேசியில் கூப்பிட்டார். கோபமாக இருப்பார் என்று எதிர்பார்த்தேன். "எந்தப் பதினொண்ணுன்னு சொல்லுங்க சார்" என்றார். பக்க எண்களைச் சொன்னேன். ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொல்லி எழுதிக்கொண்டார். நவம்பர் கவிதையின் பக்கம் வந்தபோது, "இந்த அம்மா எங்க தெருதான், இப்பவும் இருக்காங்க" என்றார்.

தொகுப்பில் நூற்றுச் சொச்சம் பிரதிகள் அவர் வீட்டு அலமாரியில் இருக்கின்றன. அழிந்துவிட்டது என்று சொல்ல முடியாத எண்ணிக்கை. விலை எண்பது ரூபாய்.